உண்டியலில் விழுந்த மாத்திரைக் காசு

எங்கள் ஊரில் பௌர்ணமி முடிந்ததும் கோயில் உண்டியலை எண்ணுவார்கள். எங்கள் வீட்டிலும் எண்ணுவோம். நாலாவது படிக்கிற என் மகள்தான் அதற்கு அதிகாரி. பழைய பிளாஸ்டிக் டப்பாவின் மூடியில் கீறிச் செய்த உண்டியல். அதில் சைக்கிளுக்குக் காசு சேர்க்கிறாள். கூடத்தில் போர்வையை விரிப்பாள். என் போனைத் தண்ணீர்க் குடத்தில் சாய்த்து வைத்து வீடியோ ஓட விடுவாள். கோயிலில் கேமரா இருக்கிறதாம். ஆட்டோ ஓட்டும் தன் அப்பாவிடம், "சட்டையக் கழட்டிட்டு உக்காருப்பா. பாக்கெட் வச்சவங்க எண்ணக் கூடாது" என்பாள். அந்த மனுஷனும் பனியனோடு பவ்யமாக உட்காருவார். நான் சொல்லி ஒரு நாளாவது அப்படி உட்கார்ந்திருக்கிறாரா என்றால், இல்லை.

சேர்க்கச் சொல்லிக் கொடுத்தவரும் அவர்தான். எதை வேண்டாம் என்று விடுகிறாயோ, அதன் விலையை உண்டியலில் போடு. போட்டதைத் திருப்பி எடுக்காதே. உண்டியலில் விழுந்தது சாமிக்குச் சொந்தம் என்பார்களே, அந்த மாதிரி. பிள்ளை கப்பென்று பிடித்துக்கொண்டாள். பள்ளிக்கூட வாசலில் ஐஸ் வேண்டாம் என்பாள், பத்து ரூபாய் உள்ளே போகும். ஒரு நாள் உப்புமாவைத் தள்ளி வைத்துவிட்டு, "இதுக்கு எவ்ளோம்மா?" என்று கையை நீட்டினாள். அன்றைக்கு நானே உட்கார்ந்து ஊட்டிவிட்டேன், ஒரு வாய் மிச்சமில்லாமல்.

கோடை விடுமுறையில் ஒரு பௌர்ணமிக்கு மறுநாள் சாயங்காலம் டப்பாவைக் கவிழ்த்தாள். சில்லறை கொட்டியது. பத்து ரூபாய்த் தாள்கள் விழுந்தன. கடைசியில் நாலாக மடித்த நூறு ரூபாய் நோட்டுகள் விழுந்தன.

"யம்மா! நோட்டு!" என்று குதித்தாள்.

கிரிவலக் கூட்டத்தில் சவாரி நன்றாக ஓடியிருக்கிறது போல என்று நினைத்தேன். அவர் சிரித்துக்கொண்டே, "அது என் பங்கு. நானும் ஒண்ண வுட்டுட்டேன் இல்ல" என்றார்.

"எத வுட்டீங்க?"

"மாத்திரைய."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மனுஷனுக்குச் சர்க்கரை நோய். காலையும் மாலையும் மாத்திரை போட வேண்டியவர். அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகத் தருகிறார்கள். வரிசையில் நின்றால் காலைச் சவாரி போய்விடும் என்று மெடிக்கலில் காசு கொடுத்து வாங்குவார். போனில் யாரோ ஒருவர், இஞ்சியில் ஜிஞ்சரால் என்று ஒரு சத்து இருக்கிறது, அது சர்க்கரையை இறக்கிவிடும் என்று பேசியதைப் பார்த்திருக்கிறார். ஒரு மாதமாக வெறும் வயிற்றில் இஞ்சிச் சாறு. இடித்துப் பிழிந்து, தெளிய வைத்து, அடியில் நிற்கும் வெள்ளையை நீக்கித் தினமும் கொடுத்தது நான்தான். மாத்திரையோடு கூடக் குடிக்கிறார் என்றல்லவா இருந்தேன்!

"ஏங்க, இஞ்சி இன்னா சும்மாவா வருது? என் காய்கறிக் காசுங்க அது! இன்னைக்கு இஞ்சி விக்கிற விலைக்கு உங்க மாத்திரையே கம்மி. என் பர்ஸக் காலி பண்ணிட்டு நீங்க சேத்தீங்களாக்கும்?"

மகள் களுக்கென்று சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார். எனக்கோ அப்போதுதான் பயம் வந்தது. ஒரு மாதமாகக் குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கிறார், எழுந்து எழுந்து பாத்ரூமுக்குப் போகிறார். வெயில் என்று நினைத்து நானும் மோர் கரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில் அவர் ஆட்டோவிலேயே அவரை ஏற்றிக்கொண்டு போனேன், அதாவது அவரையே ஓட்டச் சொல்லி. மகளும் தொற்றிக்கொண்டாள். ரத்தம் எடுத்தார்கள். செங்கம் ரோட்டு டாக்டரம்மா ரிசல்ட்டைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"சுகர் ரொம்ப ஏறியிருக்கு. இஞ்சியில இருக்கற சத்த வச்சு ஆராய்ச்சியெல்லாம் பண்றாங்க, கொஞ்சம் சுகர் கொறையலாம்னும் சொல்றாங்க. ஆனா மாத்திரைக்குப் பதிலா அது ஆகாதுங்க. கொழம்புல போடுங்க, டீயில தட்டிப் போடுங்க. மாத்திரைய மட்டும் நீங்களா நிறுத்தாதீங்க. இப்பிடியே வுட்டா கண்ணு, கிட்னி, காலு எல்லாம் போயிடும். ஆட்டோ ஓட்றீங்க இல்ல?"

மகள் குனிந்து அப்பாவின் காலைப் பார்த்தாள். திரும்பி வரும்போது முன் சீட்டின் கம்பியைப் பிடித்தபடி அந்தக் காலையேதான் பார்த்துக்கொண்டு வந்தாள்.

வழியில் மெடிக்கலில் அவர் நிறுத்தவில்லை. வீட்டுக்கு வந்ததும், "ஆட்டோ டியூ கட்டணும். மாத்திரைய ஒண்ணாந்தேதி வாங்கிக்கலாம்" என்றார்.

"உண்டியல்ல உங்க நோட்டு இருக்குதே, அத எடுங்க."

"அத எடுக்கக் கூடாது. கொழந்தைக்கு ஒரு பேச்சச் சொல்லிட்டு நானே மாத்தினா, நாளைக்கு அது சேக்குமா? ஸ்கூல் தொறக்கறதுக்குள்ள சைக்கிள் வாங்கித் தரேன்னு வேற சொல்லியிருக்கேன்."

என் கோபத்தில் முக்கால்வாசி அங்கேயே கரைந்துவிட்டது. மிச்சத்தை வைத்துக்கொண்டு கத்தினேன், கெஞ்சினேன், என் அண்ணனைக் கூப்பிடுவேன் என்று மிரட்டினேன். மனுஷன் பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

மகள் எழுந்து போய் டப்பாவை எடுத்து வந்தாள். மூடியைத் திறந்து நூறு ரூபாய் நோட்டுகளை மட்டும் பொறுக்கினாள்.

"பாப்பா, போட்டத எடுக்கக் கூடாது" என்றார்.

அவள் நோட்டுகளை அவர் சட்டைப் பாக்கெட்டில் திணித்தாள். அவர் எடுத்துத் திருப்பிக் கொடுக்கப் போனார். பாக்கெட்டை ரெண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டாள்.

"எனக்கு சைக்கிள் வாணாம்பா. நீ செத்துப் போயிட்டீன்னா நான் யாருகூட எண்றது?"

அவர் சட்டென்று எழுந்தார். செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு மெடிக்கலுக்கு ஓடினார். திரும்பி வந்து எங்கள் கண்ணெதிரே மாத்திரையை விழுங்கினார்.

"ஆ காட்டு" என்றாள் மகள், விசும்பிக்கொண்டே. காட்டினார். நாக்கைத் தூக்கச் சொன்னாள். தூக்கினார். குனிந்து நன்றாகப் பார்த்த பிறகுதான் அழுகையை நிறுத்தினாள்.