ஆயிரத்துக்கு எழுத்து போதவில்லை

போன மாதம் ஒரு கல்யாணத்துக்காகப் பம்மலுக்குப் போனேன். ஆறு பேர் உட்காரவேண்டிய ஷேர் ஆட்டோவில் பத்துப் பேர். என்னையும் சேர்த்தால் பதினொன்று. என் முழங்கால் எது, பக்கத்து ஆளின் முழங்கால் எது என்று தெரியாத நெரிசலில், சின்னக் கோயில் என்று எல்லோரும் சொல்லும் தேவாலயத்தின் வாசலில் கட்டியிருந்த ஃப்ளெக்ஸ் கண்ணில் பட்டது. 'இரண்டாயிரம் ஆண்டுகள் பழமை வாய்ந்த அற்புதச் சிலுவை.' எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான் சிறுவனாக இருந்தபோது அந்தச் சிலுவைக்கு வயது ஆயிரம் என்றுதான் சொன்னார்கள். எனக்கு அறுபத்து மூன்று வயது கூடுவதற்குள் அதற்கு ஓர் ஆயிரம் கூடிவிட்டது. இதைக் கேட்டிருந்தால் பெரியப்பா என்ன சொல்லியிருப்பார் என்று கல்யாணச் சாப்பாடு முழுக்க யோசித்தேன். சாம்பாரில் உப்பு இல்லை என்பதைக்கூட ரசத்துக்கு வந்த பிறகுதான் கவனித்தேன்.

பெரியப்பா தாம்பரத்தில் எங்களுக்கு அடுத்த வீடு. கல்லூரியில் சரித்திரம் சொல்லிக்கொடுத்தார். ஆனால் உயிர் முழுவதும் பழைய தேவாலயங்களின் அஸ்திவாரங்களிலும் கல்லறைகளிலும் கற்சிலுவைகளிலும் இருந்தது. வீட்டுக்கு வருகிற மனிதர்களின் முகத்தைப் பார்க்கமாட்டார், ஆட்டுக்கல்லைக்கூடத் திருப்பிப் பார்ப்பார் என்பது பெரியம்மாவின் புகார். அப்படிப்பட்ட பெரியம்மாவே அந்த வருஷம் சந்தோஷமாக இருந்தார். பம்மல் சிலுவையைப் பற்றிய கட்டுரை ஒன்று மட்டும் போய்ச் சேர்ந்துவிட்டால், வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று பெரியப்பாவை இரண்டு வருஷம் அழைத்துக்கொள்வதாக இருந்தது. மூர் மார்க்கெட்டிலிருந்து அவருக்குக் கம்பளிக் கோட்டு ஒன்று வாங்கி வந்து, தாம்பரத்து வெயிலில் அதைக் காயவைத்துக் காயவைத்து எடுத்துவைத்தார் பெரியம்மா.

சின்னக் கோயிலைக் கட்டியவர்கள் தோல் பதனிடும் டேனரியில் வேலை செய்தவர்கள். ஊருக்குள் இருந்த பெரிய கோயிலில் அவர்கள் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் கைக்குட்டையை மூக்குக்குக் கொண்டுபோவார்கள். அதனால் ஓலைக் கொட்டகை போட்டுத் தனியாக ஜெபித்தார்கள். அங்கேதான் அந்தக் கல் இருந்தது. என் நெஞ்சு உயரம், முகப்பில் மழுங்கிப்போன ஒரு சிலுவை. குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் அதன் முன்னால் மெழுகுவத்தி ஏற்றுவார்கள். அவர்களுக்கு ஜெபம் நடத்திவந்த உபதேசியார் பெரியப்பாவைப் பார்த்ததும் முதலில் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"எங்க கல்லு நின்னுகினு இருக்கசொல்ல அவங்க பெரிய கோயிலு இன்னும் பொறக்கவே இல்ல சார். நீங்க அத்த மட்டும் எழுதிக் குடுங்க. அப்பால பாக்கலாம் யாரு மூக்க மூடறான்னு."

கொட்டகையை எடுத்துவிட்டுச் சுவர் வைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் பிற்பகல் கல்லைச் சுவரோடு சேர்த்துப் பூசிவிடுவார்கள் என்பதால் பெரியப்பா அன்று காலையிலேயே என்னை சைக்கிளில் வைத்துக்கொண்டு போனார். மைப்படி எடுப்பதென்றால் அவருக்கு எடுபிடி நான். கல்லைக் கழுவி, ஈரத்தாளை ஒட்டி, தாள் பள்ளங்களுக்குள் இறங்கும்வரை தூரிகையால் தட்டவேண்டும். கொஞ்சம் காய்ந்ததும் துணிப்பந்தில் மை தொட்டு ஒற்றினால், கறுப்புத் தாளில் வெள்ளையாகச் சிலுவை எழுந்து வரும். அது எழுந்து வந்ததைப் பார்த்து உபதேசியார் சிலுவை போட்டுக்கொண்டார். கொத்தனார் மட்டும் "இன்னாமா ஃபோட்டோ புடிக்கறாரு பாரு சாரு, காமிராவே இல்லாம" என்றார். பிறகு எல்லோரும் சாப்பிடப் போனார்கள்.

பெரியப்பா போகவில்லை. கல்லைச் சுற்றி நடந்தார். முதுகுப் பக்கம் முழுக்கப் பழைய சுண்ணாம்பு. விரல் நகத்தால் சுரண்டினார். பிறகு தூரிகையின் பிடியால். பிறகு தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். நான் நான்காவது வாளி கொண்டுவந்தபோது சுண்ணாம்பு பாளமாக விழுந்தது.

உள்ளே எழுத்து இருந்தது. ஆங்கிலத்தில் ஒரு 'எம்'. அதன் கீழே பன்னிரண்டு.

எனக்குத் தலைகால் புரியவில்லை. "பெரியப்பா! பன்னெண்டு! பன்னெண்டு சீஷர்கள்! எம்முன்னா மத்தேயு!" என்று கத்தினேன். ஞாயிறு பள்ளியில் இவ்வளவு வேகமாக ஒரு கேள்விக்கும் நான் பதில் சொன்னதில்லை.

பெரியப்பா அந்த எண்ணைத் தடவினார். கல்லின் மேல் விளிம்பில் இருந்த வளைவைத் தடவினார். முன்பக்கம் வந்து, முன்பே இருந்த அந்த வளைவை, பிறகு செதுக்கிய சிலுவையின் தலை எங்கே வெட்டிக்கொண்டு போகிறது என்று குனிந்து பார்த்தார். மறுபடி பின்பக்கம். இப்படி மூன்று தடவை. அப்புறம் மண் குவியலின்மேல் உட்கார்ந்துவிட்டார். வெள்ளை வேட்டி என்ற நினைப்புகூட இல்லை. ஜி.எஸ்.டி. சாலையில் அவரோடு போகும்போது, மெட்ராஸ் எத்தனை மைல் என்று சொல்லும் கற்களை எண்ணிக்கொண்டு வந்தவன் நான்தான். அவையெல்லாம் வெள்ளையடித்த கற்கள், இது கோயில் கல். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

உபதேசியார் வாய் துடைத்துக்கொண்டே வந்தார்.

"இன்னா சார், பின்னாடி சுண்ணாம்பெல்லாம் உதுந்து கெடக்குது? எதுனா கீதா?"

நான் வாயைத் திறந்தேன். மை அப்பிய கை ஒன்று என் தோளில் விழுந்து அழுத்தியது. பெரியப்பா எழுந்து கல்லின் முதுகை மறைத்துக்கொண்டு நின்றார்.

"ஒண்ணுமில்ல உபதேசியாரே. பழைய பூச்சு, தானா விழுந்துடுச்சு. கொத்தனார் வந்தாச்சா? பூசிடச் சொல்லுங்க. நான் இருக்கும்போதே பூசிடட்டும்."

முதல் சட்டிக் கலவையை அவரே வாங்கி அப்பினார். பேராசிரியர் கையால் முதல் பூச்சு என்று அவர்களுக்கு ஒரே பெருமை. ஒரு பாட்டுப் பாடினார்கள். பன்னிரண்டு சீஷர்களும் சிமெண்டுக்குள் போவதைப் பார்த்து நான் அழுதேன். தோளில் பதிந்த ஐந்து விரல் மை எத்தனை தடவை துவைத்தும் போகவில்லை என்பதற்காக அம்மா வேறு அழவைத்தாள்.

கட்டுரை போகவில்லை. வெளிநாட்டிலிருந்து இரண்டு கடிதங்கள் வந்தன, பிறகு வரவில்லை. ஆயிரம் என்று எழுதியிருந்தால் அனுப்பியிருக்கலாம். மைல் கல் என்று எழுதியிருந்தாலும் அனுப்பியிருக்கலாம். என்ன எழுதினீர்கள் என்று பெரியம்மா கேட்கக் கேட்க, அவர் எழுந்து சைக்கிளைத் துடைக்கப் போனதை நானே பார்த்திருக்கிறேன். அதற்கப்புறம் எந்தக் கல்லையும் அவர் திருப்பிப் பார்க்கவில்லை. மறு வருஷம் கல்லூரி வேலையை விட்டுவிட்டு, வாசலில் ஷெட் போட்டு மிதி அச்சு யந்திரம் ஒன்று வாங்கி வைத்தார். ஜெப புத்தகம், ஞானப்பாட்டு, ஊர்ச் சரித்திரம் என்று கடைசிவரை நாற்பத்தொரு புத்தகம் வெளியிட்டார். நாற்பத்தொன்றும் பிறர் எழுதியவை. யந்திரத்தில் தூசி விழாமல் மூடிவைக்கக் கம்பளிக் கோட்டு உதவியது. பெரியம்மா அந்த ஷெட்டுக்குள் காலெடுத்து வைக்கவில்லை.

அச்சகத்துக்கு முதலில் வந்த வேலை சின்னக் கோயில் திருவிழா நோட்டீஸ். மேலே சிலுவைப் படம். நாங்கள் எடுத்த மைப்படியிலிருந்து அச்சு பிளாக் செய்திருந்தார். உபதேசியார் புரூஃபை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"சார், 'ஆயிரம் ஆண்டு பழமை வாய்ந்த அற்புதச் சிலுவை'ன்னு எழுதிக் குடுத்தேன். வெறும் 'அற்புதச் சிலுவை'தான் கீது. ஆயிரம் எங்க சார்?"

"எழுத்து பத்தல உபதேசியாரே. புது பிரஸ்தானே."

"அட, அதுக்கு நீங்க இன்னா பண்ணுவீங்க? அடுத்த வருசம் போட்டுக்கலாம் வுடுங்க."

அவர் போனதும் நான் ஈய எழுத்துகள் இருந்த பெட்டியைக் கவிழ்க்காத குறையாக எண்ணினேன். பெரியப்பா தொழிலில் தோற்றுவிடக் கூடாதே என்ற கவலை. 'ஆ' பத்தொன்பது இருந்தது. 'யி' பதினாறு. 'ர' அறுபதுக்கு மேல், 'ம்' அதைவிட அதிகம். ஓடிப்போய்ச் சொன்னேன்.

"பெரியப்பா, எல்லா எழுத்தும் இருக்கு! பதினாறு ஆயிரம் போடலாம்!"

அவர் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்படியா? நல்லா எண்ணியிருக்கே" என்றார். பிறகு மிதிக்க ஆரம்பித்தார். ஆயிரம் இல்லாத நோட்டீஸ்கள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன.

அடுத்த வருஷமும் எழுத்து போதவில்லை. அதற்கடுத்த வருஷமும். தன் பெட்டியில் என்ன எழுத்து எத்தனை இருக்கிறது என்று தெரியாத மனிதர் அச்சகம் நடத்தி எப்படிப் பிழைக்கப்போகிறாரோ என்று நான் அம்மாவிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனேன்.