சேவியர் அண்ணன் வூட்டு அவுட்டோர் யூனிட்

பக்கத்து வூட்டு சேவியர் அண்ணன் போன வாரம் ஏசி மாட்டினாரு. சந்தோஷம். ஆனா அதோட அவுட்டோர் யூனிட்ட என் ஜன்னலுக்கு நேரா, கை நீட்டினா தொடுற தூரத்துல வெச்சிக்கீறாரு.

ஜில்லுனு காத்து அவருக்கு. அனலும், நாள்பூரா கொய்யின்னு சத்தமும் எனக்கு.

இன்னிக்கு மதியம் பொறுக்க முடியாம போய்க் கேட்டேன்.

"இன்னாமா நீ! திருவொத்தியூர்ல பொறந்துட்டு சத்தத்த பத்தி பேசற? கன்டெய்னர் லாரி ஓடிகினே கீது, அது கேக்கல, என் ஏசிதான் கேக்குதா?"ன்னாரு.

"லாரி போய்டும்ணே, இது போவாது. ஏசிய நிறுத்தாம வாங்க, என் வூட்ல பத்து நிமிஷம் உக்காந்து பாருங்க"ன்னேன்.

வந்தாரு. டீ குடிச்சாரு. "ஒரு சத்தமும் இல்லியே!"ன்னாரு. அதையும் கத்தித்தான் சொன்னாரு.

அப்ப அவருக்கு போன் வந்துச்சு. "ஹலோ... ஹலோ... ஒண்ணும் கேக்கல, இரு"ன்னு சொல்லிகினே எழுந்து வெளிய போனாரு.

எங்க போய் நின்னு பேசினாரு தெரியுமா? அதே லாரி ஓடற மெயின் ரோட்ல!

திரும்பி வந்து, "பாத்தியா, நீதான் பெருசு பண்ற"ன்றாரு.

நியாயத்த நீங்களே சொல்லுங்க. கமென்ட்ல சொல்லுங்க. போன் பண்ணாதீங்க, எனக்குக் கேக்காது.