நாலெழுத்துப் போர்வை

என் வீட்டுக் கட்டிலில் ஒரு போர்வை கிடக்கிறது. சட்டைத் துணியில் வெட்டி மிஞ்சிய துண்டுகளை ஒட்டி ஒட்டித் தைத்தது. கட்டம் போட்டது, கோடு போட்டது, வெளிர்நீலம், சாம்பல், மங்கிய பச்சை என்று பல துணிகள். நடுவில் மட்டும் கருஞ்சிவப்பில் நாலு எழுத்துகள், ஒவ்வொன்றும் ஒரு சாண் உயரம். ஒன்று தலைகீழாக நிற்கிறது. ஒன்று பக்கவாட்டில் படுத்திருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துப் படிக்கப் பார்த்துவிட்டு, "இன்னாங்க எழுதி இருக்குது?" என்று கேட்பார்கள். "ஒண்ணும் இல்ல, சும்மா டிசைன்" என்று சொல்லிவிட்டு டீ போடப் போய்விடுவேன். அந்த எழுத்துகளை வரைந்து கொடுத்தவள் நான்தான். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. கையெழுத்து அழகாக இருக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் என் நோட்டை மற்ற வகுப்புகளுக்கு எடுத்துப் போய்க் காட்டுவார்கள்.

அதற்கு இரண்டு வருஷம் முன்னால் அம்மா இறந்திருந்தாள். வருஷம் திரும்புவதற்குள் அப்பா சித்தியைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஆந்திர எல்லைப் பக்கத்துக் கிராமத்துக்காரி, தெலுங்கு வீடு. தமிழை எங்களோடு பேசிப் பேசியே பிடித்துக்கொண்டாள். பள்ளிக்கூடத்து வாசலை மிதித்ததில்லை, எந்த மொழியிலும் ஓர் எழுத்துத் தெரியாது. தங்கச் சுரங்கத்துக்காரர்கள் குடியிருந்த சாம்பியன் ரீப்ஸில், வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லைன் வீட்டில் அம்மாவின் தட்டு, அம்மாவின் தையல் மிஷின், அம்மாவின் புருஷன் எல்லாம் சித்திக்கு வந்து சேர்ந்தன. நானும் வந்து சேர்ந்தேன், மனசில்லாமல். ரேஷன் கார்டில் அம்மா பேர்தான் இருந்தது. மாற்ற வேண்டும் என்று அப்பாவுக்குத் தோன்றவேயில்லை. ரேஷன் கடையில் அம்மா பேரைக் கூப்பிட்டால் சித்தி பையோடு போய் நிற்பாள். வரிசையில் இருக்கிறவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். நான் பின்னால் நின்று அதை ரசித்திருக்கிறேன்.

அப்பா வேலை பார்த்த சுரங்கத்தை மூடிய பிறகு அவர் கொஞ்ச காலம் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தார். சித்திதான் காலை ரயிலில் பெங்களூருக்குப் போய் கார்மெண்ட்ஸில் சட்டை தைத்தாள். கட்டிங் மேசையில் கழித்துப் போடும் துண்டுகளைக் கேட்டு வாங்கி, டிபன் பையில் திணித்துக்கொண்டு வருவாள். எங்கள் ஊர்க் குளிருக்கு ஒரு 'பொந்த' தைக்கப் போவதாகச் சொன்னாள். ஒட்டுப் போர்வைக்கு அவர்கள் பக்கத்துப் பேர் அது. ஞாயிற்றுக்கிழமைகளில் தரை முழுக்கத் துண்டுகளைப் பரப்பிக்கொண்டு உட்காருவாள். அளவு கிடையாது, மாதிரி கிடையாது. கைக்கு வந்ததை இன்னொன்றின் பக்கத்தில் வைத்துப் பார்ப்பாள். குறைந்தால் ஒரு பட்டி சேர்ப்பாள், மிஞ்சினால் நறுக்கிவிடுவாள். நேரம் போவது தெரியாமல் தனக்குள் ஏதோ தெலுங்கில் பேசிக்கொண்டே தைப்பாள். சொல்லத்தான் வேண்டும், பார்க்க நன்றாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்துப் பாடத்தை எழுதிக்கொண்டிருந்த என்னிடம் வந்து உட்கார்ந்தாள்.

"ஏம்மா, என் பேர பெரிசா எழுதிக் குடேன். பொந்த நடுவுல வெக்கணும்."

"உன் பேரு எதுக்கு?"

"இந்த வூட்ல எங்கியும் இல்லியே. ஒரு எடத்துலனா இருக்கட்டும்னுதான்."

அவள் அதைக் கெஞ்சிக் கேட்கவில்லை, வெட்கப்பட்டுக் கேட்டாள். நான் எழுதிக் கொடுத்திருப்பேனோ என்னவோ. அவள் மடியில் கிடந்த துணியைப் பார்த்துவிட்டேன். போர்வைக்கு அடித்துணி கொடுப்பதற்காக அம்மாவின் நீலச் சேலையைப் பாதியாகக் கிழித்து வைத்திருந்தாள். அப்பாவிடம் கேட்டுத்தான் எடுத்திருக்கிறாள், அவரும் எடுத்துக்கொள் என்று சொல்லியிருக்கிறார். அது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. தெரிந்திருந்தாலும் அன்றைக்கு என் வயிற்றெரிச்சல் அடங்கியிருக்காது. பழைய காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு, பென்சிலால் நாலு எழுத்து எழுதினேன். என் அம்மாவின் பேர். இரண்டு பேருடையதும் நாலெழுத்துப் பேராக அமைந்தது எனக்கு வசதியாகப் போயிற்று.

"வளைவு வோணாம்மா. வளைச்சா துணி இழுத்துக்கும். நேர் கோடா போட்டுக் குடு" என்றாள். அழித்துவிட்டுப் பெட்டி பெட்டியாக மறுபடி எழுதிக் கொடுத்தேன். ஒவ்வொன்றும் என்ன எழுத்து என்று கேட்டாள். அவள் பேரின் எழுத்துகளையே ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவளும் விரலை வைத்து வைத்துத் திருப்பிச் சொன்னாள். என் வாழ்க்கையில் நான் ஒருவருக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அதுதான்.

சிவப்புத் துணியைப் பட்டியாக வெட்டி, வெள்ளைப் பட்டியோடு இணைத்து, மறுபடி குறுக்கே வெட்டி, மறுபடி இணைத்து ஒரு கோடு கொண்டுவருவாள். ஓர் எழுத்து முடிய இரண்டு ஞாயிறு, மூன்று ஞாயிறு ஆயிற்று. இரண்டாவது எழுத்தைப் பின்பக்கமாக இணைத்து, இடது வலமாகத் திருப்பிவிட்டாள். அவளுக்குத் தெரியவில்லை. கண்டுபிடித்துச் சொன்னது நான். தையலைப் பிரிக்கக் கூடவே உட்கார்ந்து ஊசியும் பிடித்தேன். தப்பாகப் போனால் யாருக்கும் படிக்க வராதே என்ற கவலை எனக்கு. அவள் என் தலையைத் தடவிக் கொடுத்து, "எம்மாம் பொறுமைடி உனக்கு" என்றாள்.

தைத்து முடித்து, துவைத்து, வாசலில் கம்பிக் கொடியில் காயப் போட்டாள். எங்கள் லைனில் ஒரு வீட்டு வாசலில் என்ன காய்கிறது என்பது பத்து வீட்டுக்கும் தெரியும். பக்கத்து வீட்டு அக்கா வெளியே வந்து நின்று படித்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் கண்ணை விலக்கவில்லை. "சூப்பரா கீதுக்கா, பேரு பளிச்சுனு தெரியுது" என்று சித்தியிடம் சொன்னாள். அவள் போய் அடுத்த வீட்டைக் கூப்பிட்டாள், அவர்கள் அதற்கடுத்த வீட்டை. சாயங்காலத்துக்குள் லைனே வந்து பார்த்துவிட்டுப் போனது. வந்தவர்களுக்கெல்லாம் சித்தி ஒரு முனையைத் தூக்கிப் பிடித்துத் தையலைக் காட்டினாள். ஒருத்தர்கூட உண்மையைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வேடிக்கை அன்றோடு முடிந்திருக்கும்.

அப்பா வந்தார். அவர் தினமும் தமிழ்ப் பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படிக்கிறவர். எனக்கு அடி விழப்போகிறது என்று கதவோரம் தயாராக நின்றேன். அவர் போர்வையின் முன்னால் நின்று நாலு எழுத்தையும் ஒவ்வொன்றாகத் தொட்டார். "நல்லா கீது" என்றார். சித்தியின் முகம் மலர்ந்துவிட்டது, அதற்கு முன்னால் அவள் வேலையைப் பற்றி அவர் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. அன்றிலிருந்து அப்பா வேறு போர்வையைத் தொடவில்லை. என்னை ஒரே ஒருமுறை பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு ஒப்பந்தம் ஆகிவிட்டது என்று எனக்குப் புரிந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

ஒன்பது வருஷம் அப்படியே போனது. போர்வையைத் துவைத்துப் போடுகிற நாளெல்லாம் லைனில் சிரிப்பு. தெருப் பிள்ளைகள் அம்மா பேரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு ஓடுவார்கள். ரேஷன் கடைப் பழக்கத்தில் சித்தி திரும்பிப் பார்ப்பாள், பிறகு தானும் சிரித்துவிட்டு உள்ளே போவாள். எனக்கு இரண்டு முறை டைபாய்டு வந்தது. இரண்டு முறையும் அந்தப் போர்வையைத்தான் போர்த்திவிட்டாள். லீவு போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, எழுத்துகளின் மேல் கையை வைத்துக்கொண்டே தூங்கிப்போவாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லத் தோன்றியது. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை என்று இப்போது எழுதினால் அது பொய். பயமாக இருந்தது, அவ்வளவுதான்.

எனக்கும் பெங்களூரில் வேலை கிடைத்தது. முதல் சம்பளத்தில் அம்மாவின் போட்டோவைப் பெரிதாக்கி, கீழே தமிழில் பேர் அச்சடித்து, கண்ணாடி போட்டு வாங்கி வந்தேன். அம்மாவின் தெவசத்தன்று மாட்டுவதாக ஏற்பாடு. அந்தத் தெவசத்தை வருஷம் தவறாமல் செய்தவள் சித்திதான். பட்டினி கிடந்து வடை, பாயசம் செய்து, இலை போட்டுப் படைப்பாள். அன்றும் மாலையோடு வந்தாள். போட்டோவுக்குப் போட்டுவிட்டு, குங்குமம் வைக்கக் கையை உயர்த்தியவள் அப்படியே நின்றாள்.

அச்செழுத்து வளைந்து வளைந்து இருந்தது, போர்வையில் இருந்தது பெட்டி பெட்டியானது. படிக்கத் தெரிந்தவர்களுக்கு அது பெரிய விஷயமில்லை. படிக்கத் தெரியாதவள் எப்படிக் கண்டுபிடித்தாள் என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன். அந்த நாலையும் மாதக்கணக்கில் வெட்டி, பிரித்து, திருப்பி, தைத்தவள் அவள். எந்தக் கோடு எங்கே திரும்பும், எது எங்கே முடியும் என்பது அவள் கைக்குத் தெரியும். கண்ணாடியின் மேல் விரலை வைத்து நாலு எழுத்தையும் தடவினாள். உள்ளே போய்ப் போர்வையைக் கொண்டுவந்து போட்டோவுக்குக் கீழே தரையில் விரித்தாள்.

"படி" என்றாள் என்னிடம்.

எனக்கு இருபத்திரண்டு வயது. சம்பாதிக்கிறவள். போர்வையைப் பார்த்துச் சித்தியின் பேரைப் படித்தேன். குரல்கூட நடுங்கவில்லை.

அவள் அப்பாவிடம் திரும்பினாள். "நீங்க படிங்க."

அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தரையைப் பார்த்தார். "வுடு. பழசு" என்றார்.

"தெரியுமா உங்களுக்கு?"

"நல்லாத்தான இருந்துச்சி. எதுக்குக் கலைக்கணும்னு வுட்டேன்."

அவள் அழவில்லை. இலை போட்டு, அம்மாவுக்குப் படைத்து, எங்களுக்கும் பரிமாறினாள். நாங்களும் சாப்பிட்டோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிளேடால் அந்த எழுத்துக் கட்டங்களைப் பிரிக்க ஆரம்பித்தாள். எடுத்துவிட்டால் போர்வையில் ஓட்டை விழும், தூக்கி எறியவும் மனசு வராது, அவள் தைத்ததல்லவா. ஒன்றைத் தலைகீழாக வைத்தாள், ஒன்றைச் சாய்த்துப் படுக்கவைத்தாள், முன்னதைப் பின்னால் போட்டாள். அளவு ஒத்துவராத இடத்தில் அவள் வழக்கப்படி ஒரு பட்டி சேர்த்தாள். தைத்து முடித்து என் முன்னால் விரித்துப் போட்டாள்.

"இப்போ படிக்க வருதா?"

"வரல சித்தி."

"செரி. என் பேர உன் கையால எங்கியும் எழுதாத. நான் செத்தாலும் எழுதாத."

அதன்பிறகு போர்வை அவளுடையதாகிவிட்டது. அப்பாவுக்குக் கடையில் ஒரு கம்பளி வாங்கிப் போட்டாள். என்னை 'ஏம்மா' என்று கூப்பிடுவதை நிறுத்திக்கொண்டாள். வேறு எப்படியும் கூப்பிடவுமில்லை. சாப்பாட்டில் மட்டும் ஒரு குறையும் வைக்கவில்லை.

என் கல்யாணப் பத்திரிகைக்குப் பேர்களை எழுதிக் கொடுத்தது நான். அப்பா பேருக்குப் பக்கத்தில் பேனா நின்றது. அவள் சொன்னதை மீறக் கூடாது என்று நினைத்துக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், அவள் சொன்னது எனக்கு அந்த இடத்தில் சௌகரியமாகவும் இருந்தது. அம்மாவின் பேரை எழுதினேன். பத்திரிகை வந்ததும் சித்தி ஒன்றை எடுத்து ஜன்னல் பக்கம் போனாள். விரலை மெல்ல நகர்த்திக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினாள். அவளுக்குத் தெரிந்த நாலு எழுத்தும் அங்கே இருந்தன. பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, முறுக்கு சுட மாவு பிசையப் போனாள்.

போன வருஷம் சித்தி இறந்தாள். இறப்புச் சான்றிதழுக்கு மனு எழுதும் இடத்தில் என்னிடம் பேனாவை நீட்டினார்கள். நான் அதை என் மகளிடம் கொடுத்தேன். "பாட்டி பேரு இன்னாம்மா?" என்று கேட்டாள். பத்து வருஷத்துக்கு மேல் பாட்டியோடு பழகியவளுக்குப் பேர் தெரியவில்லை, எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. வாயால் சொன்னேன். அவள் கன்னடத்தில் எழுதினாள். அவளுக்குத் தமிழ் எழுதவும் வராது, படிக்கவும் வராது.

இப்போது அந்தப் போர்வையைப் போர்த்திக்கொண்டுதான் மகள் படுத்திருக்கிறாள். "இது தமிழாம்மா? இன்னா எழுதி இருக்குது?" என்று கேட்கிறாள். சும்மா டிசைன் என்று சொல்லிவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்க்கிறேன். முதலிலிருந்து கடைசிவரை சித்தி, சித்தி என்றே எழுதியிருக்கிறேன். அவள் பேர் நாலே எழுத்து. எழுத அரை நிமிஷம் ஆகாது. பேனா கையில்தான் இருக்கிறது. இதிலும் எழுதவில்லை.