கெஸ்ட்டாக இருக்கச் சொன்னார்கள்

"வியாழன், காலை 9.40: மூன்றாம் முறையாக அழிக்கப்பட்டேன்."

என் பழைய குறிப்பேட்டில், என் கையெழுத்திலேயே இப்படி இருக்கிறது. கிழமையையும் நிமிடத்தையும் எழுதியவள் வருடத்தை எழுதவில்லை. எதைச் சொன்னாலும் தேதி கேட்டு ஊரோடு சண்டை போடுகிற எனக்கு இது தேவைதான்.

போன வாரம் வாங்கிய மடிக்கணினி என் முகத்தைப் பார்த்ததும் திறந்துகொள்கிறது. யாரோ எடுத்த கடற்கரைப் படம், நேரம், அவ்வளவுதான். அதைக் கண்ட பிறகுதான் குறிப்பேட்டைத் தேடி எடுத்தேன். நான் ஒரு டி.டி.பி. கடையில் வேலைக்குச் சேர்ந்த காலத்துக் கணினியின் நுழைவுத்திரை நீலமாக இருக்கும். வலப்பக்கம் கணினியைப் பயன்படுத்துகிறவர்களின் பெயர்கள் வரிசையாக நிற்கும், ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னப் படத்தோடு. நினைத்தாலே, மானிட்டர் உறையை உருவும்போது கிளம்பும் புழுதி வாசனை மூக்கில் ஏறுகிறது. பெயரைச் சொடுக்கினால் பச்சைக் குன்று ஒன்று விரியும். கடை ஜன்னலில் தெரிந்த, பசுமலை என்றே பெயர் வாங்கிய நிஜ மலைகூட அவ்வளவு பச்சை இல்லை.

எங்கள் ஊர் எழுமலையிலிருந்து பஸ் மாறி வந்து, அந்த டி.டி.பி. கடையில் தமிழ் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். திரையில் முதலாளி பெயருக்குச் சதுரங்கக் காய். எனக்குப் பின்னால் சேர்ந்த சேகர் பெயருக்குக் கிதார். ஒரு வருடம் வேலை பார்த்த எனக்கு மட்டும் பெயர் இல்லை. 'கெஸ்ட்' என்ற பொதுக் கதவு வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். ஏன் என்று கேட்டேன்.

"நீ எம்புட்டு நாளைக்கு இருக்கப்போறே தாயி? கல்யாணம் முடிஞ்சா போயிருவே. கெஸ்ட்டுன்னா விருந்தாளிதான, மருவாதயான பேருதான்" என்றார் முதலாளி.

கணினி பழுதுபார்க்க வருகிறவர் செய்வதை ஓரக்கண்ணால் பார்த்து வைத்திருந்தேன். அந்தத் திரையில் கண்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூன்றையும் சேர்த்து இரண்டு தடவை அழுத்தினால் சாம்பல் நிறப் பெட்டி ஒன்று வரும். அதில் 'அட்மினிஸ்ட்ரேட்டர்' என்று அடித்தால் போதும், யார் பெயரையும் சேர்க்கலாம், அழிக்கலாம். முதலாளி அதற்குக் கடவுச்சொல் வைக்கவே இல்லை. என் பெயரை நானே சேர்த்தேன். பூப் படங்களை விட்டுவிட்டு மோட்டார் பைக்கை வைத்தேன். மறுநாள் அவர் அழித்தார். சேர்த்தேன். அழித்தார். சேர்த்தேன். மூன்றாம் முறை அழித்தபோது அந்தக் கதவுக்கும் பூட்டுப் போட்டுவிட்டார்.

கெஸ்ட்டைத் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுக்காகக் கல்லூரிப் பிள்ளைகள் மூன்று பேர் காத்து நின்றார்கள். முதலாளி சேகரைப் பார்த்தார்.

"அண்ணே, எனக்குத் தமிழ்ல ஒரு வரி அடிக்கிறதுக்குள்ள இவங்க பாஸாகி வேலைக்கே போயிருவாங்க" என்றான் சேகர்.

முதலாளி என் பக்கம் திரும்பினார். "ஒனக்கு இங்க வேலை வேணுமா, வேணாமா?"

"வேலைக்குத்தாண்ணே வந்தேன். விருந்துக்கு வரல."

வேலை போனால் வீட்டில் என்ன சொல்வது என்று அதற்குள் யோசித்துவிட்டேன். குறிப்பேட்டில் அதை எழுதவில்லை. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு, ஒவ்வோர் எழுத்தாகத் தேடி என் பெயரை அடித்தார். தானாகவே வாத்துப் படம் வந்தது. அவர் எழுந்ததும் பைக்காக மாற்றிவிட்டு ரிப்போர்ட்டை வாங்கினேன்.

கல்யாணம் முடிந்த ஐந்தாம் நாள் அதே பெயரைச் சொடுக்கி வேலைக்கு உட்கார்ந்தேன். அதற்குள் சேகர்தான் திருப்பூருக்குப் போயிருந்தான்.

இப்போது அங்கே அழகு நிலையம் இருக்கிறது. பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்ற அந்தத் திரையும் இல்லை. கடை மூடியபோது கணினியை ஒத்தக்கடை ஊர்க்காரர் ஒருவர் வாங்கிப் போனதாகக் கேள்வி. அப்படியே கொடுத்திருந்தால், தன் பெயரைச் சேர்ப்பதற்கு முன் அவர் என் பெயரைப் பார்த்திருக்க வேண்டும். அழித்துவிட்டுக் கொடுத்தார்களா என்பதை இதுவரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.