வட்டத்துக்குள் ஒரு லைட்டவுஸ்

போன ஞாயிற்றுக்கிழமை திருவொற்றியூரில், ஒரு டீக்கடையின் மாடியில் உட்கார்ந்து என் மூன்று தலை நாகத்தை ஷர்மிளாவிடம் பறிகொடுத்தேன். பதற வேண்டாம், நாகம் அட்டையில் அச்சடித்தது. ஷர்மிளா எங்கள் அடுக்குமாடியில் கீழ் வீட்டுக்காரர். எண்ணூர் பக்கம் கன்டெய்னர் இறக்கும் இடத்தில் வேலை. வாரம் முழுக்க இரும்புப் பெட்டிகளை நகர்த்திவிட்டு, ஞாயிறானால் நண்பர்களோடு அட்டைகளை நகர்த்துகிறார். ஆளுக்கு ஒரு கட்டு. ஒவ்வோர் அட்டையிலும் ஒரு மிருகமோ வீரனோ மந்திரமோ இருக்கும். மூலையில் அதன் பலம். கடையில் உறை உறையாக விற்கிறார்கள். உள்ளே இருப்பது யானையா எலியா என்பது பிரித்தால்தான் தெரியும்.

"ரிட்டயராயி சும்மாதானே சார் கீறீங்க, வாங்க" என்று கூப்பிட்டார். சும்மா இருப்பது எவ்வளவு வேலை என்பது உத்தியோகத்தில் இருப்பவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது?

புதியவர்களுக்கென்று தனியாக ஒரு பெட்டி உண்டு. அதிலிருந்த விதிப் புத்தகத்தை அடிக்கோடிட்டுப் படித்துவிட்டுத்தான் போனேன். துறைமுகத்தில் இறங்கும் சரக்குக்கு வரி மதிப்பிட்டே தலை நரைத்தவன் நான். எந்த விதியையும் உட்பிரிவோடு படிக்காமல் விட்டதில்லை. போன பிறகுதான் தெரிந்தது, அந்தப் புத்தகத்தைப் படித்த ஒரே ஆள் நான்தான் என்று. மற்றவர்கள் வெறுமனே ஜெயித்துக்கொண்டிருந்தார்கள்.

என் கையிலிருந்ததில் நாகம்தான் பலசாலி. வாய்ப்புக் கிடைத்ததும் அதை மேசையில் இறக்கினேன். ஷர்மிளா அலட்டிக்கொள்ளாமல் ஒரு சின்ன மந்திர அட்டையை வைத்தார். நாகம் காலி.

"இன்னா சார் நீங்க, எடுத்த எடுப்புல பெரிய கைய எறக்கிட்டீங்க? பெருசா கீறதத்தானே எல்லாரும் மொதல்ல அடிப்பாங்க?"

நான் நாகத்தை எடுத்து மரியாதையாக அவர் பக்கம் நகர்த்தினேன்.

"இத்த ஏன் எங்கையில குடுக்கறீங்க?"

"ஜெயிச்சது நீங்கதானேம்மா."

மேசையே சிரித்தது. இந்த ஆட்டத்தில் தோற்றவரின் அட்டை தோற்றவருக்கே சொந்தம்; அதுவும் நான் அடிக்கோடிட்ட விதிதான். "பத்திரமா வூட்டுக்கு எடுத்துக்கினு போங்க சார்" என்று கண்ணாடித்தாள் உறைக்குள் போட்டு அவரே திருப்பிக் கொடுத்தார்.

விரல் ஏன் தன்னிச்சையாக நாகத்தை அவர் பக்கம் நகர்த்தியது? வீட்டுக்கு வந்து, பிரித்துப்போட்ட வெள்ளித்தாள் உறையை மூக்கருகே கொண்டுபோனேன். (இந்த வயதில் மனிதன் தனியாக இருக்கும்போது என்னென்னவோ செய்கிறான்.) அச்சு மையின் வாசனைதான் வந்தது. ஆனால் அந்தப் பளபளப்பு வேறொரு வெள்ளித்தாளை ஞாபகப்படுத்திவிட்டது. காலி சிகரெட் பெட்டிக்குள், புகையிலை மணம் மாறாமல் கசங்கிக் கிடக்குமே, அது.

அப்பா கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணிச் சரிபார்க்கும் குமாஸ்தா. மயிலாப்பூரிலிருந்து பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போவது அலுத்துப்போய், ஒருநாள் குடும்பத்தை ராயபுரத்துக்கு மாற்றினார். தெருவின் ஒரு முனையில் ரயில் பாதை, மறு முனையில் மீன் வாசனை. பள்ளிக்கூடத்தில் நான் கெட்டிக்காரன். புத்தகமும் கையுமாகத் திரிந்ததால் தெருவில் எனக்குப் பெயர் பொஸ்தவம்.

சாயங்காலமானால் தெருவில் கரித்துண்டால் ஒரு வட்டம் விழும். ஆளுக்கு ஒரு சிகரெட் பெட்டியின் முன் அட்டையைக் கிழித்து வட்டத்துக்குள் வைக்க வேண்டும். கோட்டுக்கு அப்பால் நின்று, தேய்த்த ஓட்டுத் துண்டை வீச வேண்டும். எந்த அட்டை வட்டத்தைத் தாண்டி வெளியே சறுக்குகிறதோ அது வீசியவருக்கு. ரிக்‌ஷாக்காரர்கள் பிடிக்கும் மலிவுச் சரக்கின் அட்டைக்கு மதிப்பு பத்து. ஆபீசர்கள் பிடிப்பது நூறு. இந்த அட்டவணையை யார் இயற்றினார்கள், எப்போது அமலுக்கு வந்தது என்பதற்கெல்லாம் ஆவணம் கிடையாது.

நான் முறைப்படிதான் ஆரம்பித்தேன். "இதுக்கு விதி என்ன?" என்று கேட்டேன்.

"விதியா? அது அவனவன் தலையில எய்திகீது" என்றான் கன்னியப்பன். அவன் அப்பா மீன்பிடி விசைப்படகில் டிரைவர். "நீ அட்டய வைடா நைனா."

என்னிடம் இருந்தது ஒரே அட்டை. ஒரு மாலுமி தூக்கிப்போட்ட பெட்டியை, படம் அழகாக இருக்கிறதே என்று அப்பா எனக்காக எடுத்து வந்திருந்தார். சிவப்பில் தங்கக் கோடு. நடுவில் ஒரு கலங்கரை விளக்கம். கீழே எவருக்கும் படிக்க வராத எழுத்து. முதல் நாளே மதிப்பாக நுழைவோம் என்று அதை வட்டத்தின் நடுவில் வைத்தேன். தெருவே மூச்சை இழுத்தது.

"கப்பல் அட்டைடா! லைட்டவுஸ்! ஆயிரம்!"

"ரெண்டாயிரம் வச்சிக்க" என்றாள் ஓடு வீசுவதில் தெருவிலேயே கெட்டிக்காரியான மேரி. அவ்வளவுதான், மதிப்பீடு முடிந்தது. பிற்காலத்தில் நான் உட்கார்ந்த எந்தக் குழுவும் இத்தனை விரைவாக ஒரு முடிவுக்கு வந்ததில்லை.

மற்ற எல்லாரும் வைத்திருந்தது பத்து மதிப்புள்ள அட்டை என்பதை அப்புறம்தான் பார்த்தேன். வட்டத்துக்குள் நுழைய எந்த அட்டையும் போதும். அதனால் கையிலிருப்பதிலேயே மட்டமானதை வைப்பதுதான் வழக்கம். அதை யாரும் சொல்லவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. மேரி ஒரு கண்ணை மூடினாள். ஓடு தரையோடு தரையாக வந்தது. லைட்டவுஸ் வட்டத்தைத் தாண்டி, சாக்கடை ஓரமாகப் போய் நின்றது. அவள் அதை எடுத்துப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

"பொஸ்தவம், நாளைக்கும் வா. இந்த மாதிரியே ஒண்ணு எடுத்துக்கினு வா."

எனக்கு அழுகை வந்தது. அப்பா கொண்டுவந்த அட்டை. அதைத் திரும்ப வாங்காமல் விடுவதில்லை என்று தீர்மானித்தேன். மனுப் போட்டுக் கேட்க வழியில்லை. ஜெயித்துத்தான் எடுக்க வேண்டும். ஜெயிக்க வேண்டுமானால் வட்டத்துக்குள் வைக்கப் பத்து மதிப்புள்ள மலிவு அட்டைகள் வேண்டும். ரயில் நிலைய வாசல், டீக்கடைப் பின்புறம், மதிய ஆட்டம் விட்ட பிறகு சினிமாக் கொட்டகைச் சந்து என்று குனிந்தே நடந்தேன். எனக்கு முன்னால் அங்கே குனிந்துகொண்டிருந்தவன் கன்னியப்பன். பாதிப் பாதி என்று ஒப்பந்தம் ஆயிற்று. சட்டைப் பையெல்லாம் புகையிலை நாற்றம். அம்மா ஒருநாள் முகர்ந்து பார்த்துவிட்டு, சுவரோரம் நிறுத்தி வாயை ஊதச் சொன்னாள். ஊதினேன். அவல் வாசனைதான் வந்தது. ஆனாலும் அவள் முழுதாக நம்பவில்லை.

லைட்டவுஸ் மேரியிடமிருந்து கன்னியப்பனுக்குப் போயிற்று. அவனிடமிருந்து மறுபடி மேரிக்கு. அது யாரிடம் இருக்கிறதோ அவர்கள் வீட்டு வாசலில் நான் இருந்தேன். யாராவது அதை எடுத்து வைக்கும் நாளுக்காகத் தினமும் ஓடு தேய்த்தேன். கையைத் தாழ்த்தி, மணிக்கட்டைத் திருப்பி வீசும் வித்தையை மேரியைப் பார்த்தே பிடித்துக்கொண்டேன். எப்போது "என்ன" போய் "இன்னா" வந்தது என்று எனக்கே தெரியாது. சாப்பிடும்போது நான் ஒரு "இன்னா" சொல்லி, அப்பா சாப்பாட்டில் கை வைத்தபடி நிமிர்ந்து பார்த்த அன்று அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது.

ஒரு சாயங்காலம் மேரியிடம் இருந்த மலிவு அட்டைகள் எல்லாம் தீர்ந்துபோயின. வேறு வழியில்லாமல் லைட்டவுஸை வைத்தாள். முதல் வீச்சு கன்னியப்பனுக்கு; அவன் அவசரத்தில் தவறவிட்டான். அடுத்தது நான். ஓடு ஓரமாகத் தட்டியது. அட்டை சுழன்று சுழன்று கோட்டின்மேல் ஏறி, நின்று, யோசித்து, பிறகு வெளியே விழுந்தது.

"தாண்டிச்சிடா! பொஸ்தவம் அட்சிட்டான்டா!" என்று கத்தியது தோற்ற மேரிதான்.

அன்று இரவு அதைத் தலையணைக்குக் கீழே வைத்துத் தூங்கினேன். மறுநாள் சாயங்காலம் வட்டம் விழுந்தது. நான் மரியாதையாக எதிர்ச் சுவர்மேல் ஏறி உட்கார்ந்தேன். வேண்டியது கிடைத்துவிட்டது, கோப்பு முடிந்தது. இனி எதற்கு விளையாட வேண்டும்?

"இன்னாடா, கெட்சதும் கயண்டுக்கினியா?" என்றாள் மேரி கீழே நின்றபடி.

கன்னியப்பன் வட்டத்தில் எனக்கென்று ஓர் இடம் விட்டு அட்டைகளைத் தள்ளி வைத்தான். பையில் மலிவு அட்டைகள் நிறைய இருந்தன. ஆனாலும் இறங்கிப் போய், லைட்டவுஸையே எடுத்து நடுவில் வைத்தேன். எழுந்த கூச்சலில் ரயில் போன சத்தம் கேட்கவில்லை. அன்று அதை யார் ஜெயித்தார்கள் என்பது எனக்கு நினைவில்லை. நான் இல்லை என்பது மட்டும் தெரியும். கடைசியாக நான் பார்த்தபோது மூலைகள் மழுங்கி, தங்கக் கோடு தேய்ந்து, விளக்கின் உச்சியில் வெளிச்சமே இல்லை. அப்போதும் அதன் மதிப்பு ரெண்டாயிரம்தான்.

அந்தத் தெருவுக்குப் போன மாதம் போயிருந்தேன். வட்டம் விழுந்த இடத்தில் மோட்டார் சைக்கிள்கள் நெருக்கியடித்து நிற்கின்றன. ஓடு வீசினால் யாருடைய கண்ணாடியாவது உடையும். சிகரெட் பெட்டியில் இப்போது புற்றுநோய்ப் படம் போடுகிறார்கள். நல்ல காரியம்தான், அதைச் சேர்க்க எந்தப் பிள்ளைக்கும் மனம் வராது.

என் நாகம் அலமாரியில் கண்ணாடி உறைக்குள் பத்திரமாக இருக்கிறது. ஒரு கீறல் இல்லை. எத்தனை முறை தோற்றாலும் என்னோடு வீட்டுக்கு வந்துவிடும். ஷர்மிளாவின் வாசலில் போய் நின்று அதற்காகக் காத்திருக்க எனக்கு ஒரு காரணமும் இல்லை.