மலையைப் பார்த்து ஊற்றுகிறவன்

அஸ்துரியாஸ் மலையடிவாரத்தில் பெலார்மினோவுக்கு இருந்தவை ஒரு சின்ன ஆப்பிள் தோப்பும் ஒரு பெரிய வாயும். தோப்பு அப்பன் விட்டுப்போனது. வாய் சொந்தச் சம்பாத்தியம்.

ஆப்பிள் கள்ளை அந்தப் பக்கம் சும்மா ஊற்றிக் குடிக்க மாட்டார்கள். புட்டி தலைக்கு மேலே, கிளாஸ் தொடைக்குக் கீழே. அந்த உயரத்திலிருந்து தாரையாக விழுந்தால்தான் கள் நுரைத்து உயிர் பெறும். தாழ ஊற்றினால் செத்த தண்ணீர். பெலார்மினோவோ எதிர்மலையைப் பார்த்துக்கொண்டே ஊற்றுவான். "கிளாஸைப் பார்த்து ஊத்தறவன் கத்துக்குட்டி!" என்பான்.

போன இலையுதிர் காலத்தில் வந்தது வினை. "கழியால உலுக்கினா போதும்யா" என்று மனைவி எதெல்வினா சொல்லச் சொல்லக் கேட்காமல் மரமேறி, ஆப்பிளோடு ஆப்பிளாக விழுந்து தோளைப் பிசக்கிக்கொண்டான். குளிர்காலம் பூராவும் முனகிக்கொண்டே பழம் பிழிந்து பீப்பாய்களை நிரப்பினான். வசந்தம் வந்து மலையெல்லாம் பச்சையானது, தோள்தான் தேறவில்லை. கை நெஞ்சுக்கு மேலே எழ மாட்டேன் என்று அடம் பிடித்தது.

புதுக் கள்ளை ருசி பார்க்க கிஹோன் நகரத்து மதுக்கடைக்காரி வருவதாகச் சொல்லியனுப்பியிருந்தாள். வீட்டுக்காரன் ஊற்றிக் கொடுப்பதுதான் மரியாதை. அவள் வாங்காவிட்டால் தோப்பை விற்க வேண்டியதுதான். ஏனென்றால் அந்த மரங்கள் ஒரு வருஷம் காய்த்துவிட்டு மறு வருஷம் காலை நீட்டிப் படுத்துக்கொள்கிற ரகம்.

"பக்கத்துத் தோட்டத்து செகுந்தினோ ஊத்தறதுக்கு மிஷின் வாங்கியிருக்கான். கேட்கட்டுமா?" என்றாள் எதெல்வினா.

"அதுக்கு நான் பால்புட்டியில குடிப்பேன்!"

"அப்ப நான் ஊத்தறேன்."

"நீயா? ஊர் சிரிக்கும்டி!"

"இப்ப மட்டும் அழுதுகிட்டா இருக்கு?"

கடைசியில் வழி கண்டுபிடித்ததும் அவள்தான். கல்தூண்கள் மேல் நிற்கிற தானியக் களஞ்சியத்தில் அவனை ஏற்றிவிட்டு, கிளாஸோடு தான் கீழே நின்றுகொண்டாள்.

ஊரே கூடி அவித்த முட்டையைத் தின்றுகொண்டு வேடிக்கை பார்த்தது. பெலார்மினோ வழக்கம்போல மலையைப் பார்த்துக்கொண்டு புட்டியைச் சாய்த்தான். தாரை ஒரு பக்கம், காற்று ஒரு பக்கம். எதெல்வினா கோழி பிடிக்கிறவள் மாதிரி அங்குமிங்கும் ஓடிப் பிடித்தாள். கிளாஸில் நுரை பொங்கியது. மதுக்கடைக்காரி ஒரே மடக்கில் குடித்து, ஊர் வழக்கப்படி அடியில் மிஞ்சியதைத் தரையில் வீசிவிட்டு கிளாஸைத் திருப்பி நீட்டினாள். "இன்னொண்ணு!"

"பார்த்தீங்களா? ஒரு சொட்டு சிந்தலே!" என்று மேலிருந்து முழங்கினான் பெலார்மினோ.

செகுந்தினோ ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். எதெல்வினா அதில் ஒரு முட்டையைத் திணித்தாள்.

நாலாவது கிளாஸுக்குப் பிறகு மதுக்கடைக்காரி, "எல்லாப் பீப்பாயும் எனக்குத்தான்" என்றாள். பெலார்மினோ பூரித்துப்போய் முதல் தடவையாகக் கீழே பார்த்தான். எதெல்வினாவின் தலைமுடி நெற்றியில் ஒட்டியிருந்தது. இரண்டு கையும் தோள்வரை சொட்டின. ஒரு செருப்பைச் சேற்றில் காணோம். அடப்பாவி, கல்யாணம் ஆன நாளிலிருந்து இவள் இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தாளா?

"இந்தா, இது உனக்கு!" என்று கூவி, கிளாஸையே உற்றுப் பார்த்துக்கொண்டு, வெகு கவனமாக ஊற்றினான்.

அத்தனையும் அவள் உச்சந்தலையில் விழுந்தது. ஊர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

எதெல்வினா கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"நீ மலையையே பாருய்யா. கீழே நான் பார்த்துக்கறேன்."