பச்சை பாய்ந்த கிழங்கு

பத்தாவதோடு நின்ற நான் ஒருவரைப் பற்றி எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனி கேன்டீனில் காய் நறுக்குகிறேன். எங்களுக்குக் காய்கறி வண்டி ஓட்டிவந்தவர் அவர். ஒல்லியான ஆள், முன்பல் ஒன்று இல்லை. உருளைக்கிழங்கை இறக்கியதும் கோணி போட்டு மூடிவிட்டுத்தான் போவார்.

ஒருநாள் யாரோ கோணியை எடுத்துவிட, ஜன்னலோரக் கிழங்கெல்லாம் பச்சை பாய்ந்திருந்தது. "பச்சையா இருந்தா ஃப்ரெஷ்ஷு, போடும்மா" என்றார் சூப்பர்வைசர். அது ஆகாது என்று தெரிந்தும் எனக்கு வாய் வரவில்லை.

காய் இறக்க வந்த வண்டிக்காரர் குறுக்கிட்டார். "போடாதக்கா. கிழங்குல மாவு சேத்து வெக்கிற கணிகம் இருக்குது. வெளிச்சம் பட்டா இலைல இருக்கிற மாரி பசுங்கணிகமா மாறிடும். பச்சை ஒண்ணியும் பண்ணாது, கூடவே வெசமும் ஊறுது பாரு, அதான் பேஜாரு."

கணிகம். செடியின் செல்லுக்குள் இருப்பது; அறிவியல் பரீட்சைக்கு நானும் எழுதிய சொல்.

"இன்னாய்யா, வண்டி ஓட்டிக்கினே கிளாஸ் எடுக்கிறியா?" என்றார் சூப்பர்வைசர்.

"இத வேவிச்சு மொதல்ல நீ துன்னு சார். அப்பால ஷிப்ட்டு ஆளுங்களுக்குப் போடட்டும்."

சூப்பர்வைசர் திரும்பித் தன் அறைக்குப் போனார். கிழங்கைக் குப்பையில் கொட்டினேன். எங்கள் கேன்டீனில் சாப்பிடாத வண்டிக்காரருக்கு அந்த வம்பு எதற்கு என்று இன்றும் யோசிக்கிறேன்.

மறுநாள் காய்கறி வண்டியை வேறொருவர் ஓட்டிவந்தார்.